லெஃப்ட் இரண்டு தடவை, ரைட் ஒரு தடவை

என் மாமனார் குமாரசாமி போருக்குப் போனவர். எழுபத்தொன்றாம் வருடத்துப் போர். குண்டு போடும் விமானத்தில் நேவிகேட்டர். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "பிளேன் ஓட்டினாருங்களா?" என்பார்கள். "இல்லை, ஓட்டியவருக்கு வழி சொன்னார்" என்பேன். நிமிர்ந்தவர்கள் பழையபடி சாய்ந்துகொள்வார்கள். அவர் பெண்ணை எனக்குப் பேசியபோது நானும் அப்படிச் சாய்ந்தவன்தான்.

இந்தச் சாய்வை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியாரின் பெரியப்பா மகன் முத்துவேல். மேட்டுப்பாளையத்தில் லாரி வைத்திருக்கிறார். நீலகிரியில் விளையும் கேரட்டிலும் உருளைக்கிழங்கிலும் பாதி அவர் லாரியில்தான் மலையிறங்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். போர் முடிந்த பிறகு, விமானப்படை மாப்பிள்ளை பெண் பார்க்க வந்திருக்கிறார். முத்துவேல் அவரை உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்.

"பிளேன்ல உங்களுக்கு என்னங்க வேலை?"

"டிரைவருக்கு வழி சொல்லோணுமுங்க. போற எடம் வந்துருச்சான்னு பாக்கோணும். சரக்கு எறக்கற நேரத்தச் சொல்லோணும்."

லாரிக்காரருக்குப் புரியட்டும் என்று டிரைவர், சரக்கு என்றெல்லாம் எளிமைப்படுத்திச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. தவளை தன் வாயால் கெடும்.

"அட, கிளீனருங்களா!" என்றார் முத்துவேல்.

கல்யாணம் நடந்துவிட்டது. பெயரும் நிலைத்துவிட்டது. உலைவாயை மூடலாம், முத்துவேல் வாயை மூட முடியுமா? என் மாமியார் லீலாவதி பிற்பாடு அருவங்காடு தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, செக்‌ஷனையே தன் புருவத்தால் நடத்தியவர். அவர் புருவத்தைத் தூக்கினால் விடுப்பு கேட்க வந்தவன் காய்ச்சல் தானே தணிந்து சீட்டுக்குத் திரும்புவான். அப்படிப்பட்டவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குள் நுழைந்தால், பந்தியில் யாராவது ஒருவர், "ஏரோப்ளேன் கிளீனர் ஊட்டுக்காரம்மா வந்துட்டாங்க, எலை போடுங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மாமனாரும் சேர்ந்து சிரிப்பார். அத்தை மட்டும் சிரித்ததே இல்லை.

மாமாவை நியாயமாகப் பார்த்தால் அவரும் கொஞ்சம் விசித்திரப் பிறவிதான். அவர் பிறந்தது அவிநாசிப் பக்கம். அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இடது வலது கிடையாது. "தெக்கால நகுந்து உக்காரு", "சோத்த வடக்கால தள்ளு" என்றுதான் பேசுவார்கள். அதன்மேல் விமானப்படை போய்த் திசைகாட்டியும் கொடுத்துவிட்டது. குரங்குக்குக் கள் ஊற்றிய கதை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊட்டி பெர்ன்ஹில்லில் வீடு கட்டிக் குடியேறினார். ஊட்டிக்காரர்களுக்கோ திசையே கிடையாது; மேலே, கீழே என்ற இரண்டுதான். தபால் ஆபீஸ் எங்கே என்று கேட்டால், "மேல போயிக் கீழ எறங்குங்க" என்பார்கள். "எந்தத் திசையில மேல?" என்று மாமா திருப்பிக் கேட்பார். வழி சொன்ன ஆள் அவசர வேலை நினைவுக்கு வந்து போய்விடுவான். என் மனைவி ரேகா கார் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து டிகிரிக் கணக்கில் வழி சொல்வார். இருபது வருடமாக அவள் அதைக் காதில் வாங்காமல் ஓட்டி, போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் போரைப் பற்றிப் பேசும்போது அவர் வேறு மனிதர். கேன்பரா என்ற அந்த விமானத்தில் இரண்டே பேர். பைலட் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். நேவிகேட்டர் மூக்குப் பகுதிக்குள், ஜன்னல்கூடச் சரியாக இல்லாத பொந்தில். குண்டு போடும் நேரத்தில் குப்புறப் படுத்துக் கீழே பார்க்க வேண்டும். அடிபட்டால் பைலட்டின் நாற்காலி வெடித்து அவரை ஆகாயத்தில் தூக்கிப் போட்டுக் காப்பாற்றும். நேவிகேட்டருக்கு அந்த நாற்காலி கிடையாது. பாராசூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். "அதுக்குள்ள பிளேன் தரைக்கு வந்துருமுங்க மாப்பிள்ளை, குதிக்கற சிரமம் மிச்சம்" என்பார்.

அவருடைய பைலட் அழகர்சாமி, மதுரைக்காரர். பெயரிலேயே மதுரை இருக்கிறது. குறி நெருங்கும்போது இவர் இயந்திர இரைச்சலுக்கு நடுவில் முகமூடி மைக்கில் வழி சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. இடப்பக்கம் என்றால் "லெஃப்ட் லெஃப்ட்" என்று இரண்டு தடவை. வலப்பக்கம் என்றால் "ரைட்" என்று ஒரே தடவை. சொல் கேட்காவிட்டாலும் இரண்டு சத்தமா ஒரு சத்தமா என்று எண்ணிக்கொள்ளலாம். நேராகப் போனால் "ஸ்டெடி". இதை எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது குரலே மாறிவிடும்.

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த போர்க்கதை ஒன்றுதான். அதைச் சொன்னவரும் மாமா இல்லை, அழகர்சாமி. எதிரியின் விமானதளம் ஒன்றின்மேல் நிலா வெளிச்சத்தில் போயிருக்கிறார்கள். மீதி அவர் வாயாலேயே: குறியை நெருங்கும்போது என் நேவிகேட்டர் முன்னால் பீரங்கி இருப்பதைக் கண்டுபிடித்து "ரைட்" என்று கத்தினான், நான் திருப்பினேன், நேராகப் போயிருந்தால் வானத்திலேயே சாம்பல், குமாருதான் என்னைக் காப்பாற்றினான். இதுதான் கதை. குண்டு யாருமில்லாத மணல்வெளியில் விழுந்ததையும், மறுநாள் வேறொரு விமானம் போய் வேலையை முடித்ததையும் அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார். ஒவ்வொரு டிசம்பரிலும் மதுரையிலிருந்து ஒரு பெரிய தகர டின் நிறைய முறுக்கு வரும். கூடவே போனும் வரும். "உன்னாலதான்டா இருக்கேன்." மாமா முறுக்கை எல்லாருக்கும் கொடுத்துவிடுவார். தான் மட்டும் தொடமாட்டார். பல் போய்விட்டது என்பார். பல் இருந்த காலத்திலும் தொட்டதில்லை என்று அத்தை சொல்வார்.

போன டிசம்பரில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. போர் வெற்றி நாளன்று மாமாவுக்குப் பாராட்டு விழா. செயலாளர் அழகர்சாமியையே கூப்பிட்டுவிட்டார். எண்பதைத் தொட்ட அந்த மனிதர், "குமாருக்கு விழான்னா நான் நடந்தே வருவேன்" என்றாராம்.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கோயமுத்தூர் போய்ப் பட்டுச்சேலை எடுத்துவந்தார். சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் செய்தார். முத்துவேலுக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னார். "முன்னால வரிசையில உங்களுக்கு எடம் போட்டிருக்குதுங்கண்ணா. வராம இருந்துராதீங்க." அழைப்பு மாதிரி இருந்தாலும் அது சம்மன்.

விழாவுக்கு முந்திய காலை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு மேடையில நெசத்தச் சொல்லிறலாம்னு இருக்கேன்."

"என்ன நெசம்?" என்றார் அத்தை.

"நான் பீரங்கியப் பாக்கவே இல்ல. குப்புறப் படுத்துட்டுக் கீழ பாத்துட்டு இருந்தவனுக்கு முன்னால என்ன தெரியும்? லெஃப்ட் லெஃப்ட், ஸ்டெடின்னு சொல்லிக் கொண்டாந்துட்டேன். குறி நேரா வந்து உக்காந்துருச்சு. மொதல் தடவை அப்படி அம்சமா உக்காருது. சந்தோசத்துல, நம்ம பஸ்ல சொல்ற மாதர, 'ரைட்!' னு சொல்லிப்போட்டேன். சரி, போலாம்னு அர்த்தத்துல. அவரு வலப்பக்கம்னு நெனச்சுத் திருப்பிட்டாரு. நான் பட்டன அமுக்கறப்ப பிளேன் சாஞ்சுருச்சு. குண்டு மண்ணுக்குப் போச்சு. எறங்குனதும் அவரு பெரிய அதிகாரிகிட்ட என்னயப் புகழ்ந்துட்டாரு. நான் வாயத் தொறக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் புருவத்தைப் பார்த்து அதை இட்லியோடு விழுங்கினேன்.

"அப்ப இத்தன வருசமா நீங்க தின்னாத முறுக்கு..." என்றேன்.

"எப்படித் திங்கறதுங்க? நான் காப்பாத்துனேன்னு நெனச்சுக் குடுத்தனுப்பறாரு. அவருக்கும் வயசாயிருச்சு, எனக்கும் ஆயிருச்சு. பொய்யோட மாலை போட்டுக்க முடியாதுங்க."

அத்தை எழுந்து நின்றார். "ஏனுங்க, அம்பது வருசமா கிளீனர் ஊட்டுக்காரின்னு பேரு வாங்கிட்டு நின்னேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த அண்ணன் வாயடச்சுப் போயி உக்காந்திருக்கறதப் பாக்கோணும்னு ஆசைப்பட்டேன். அதுக்கும் மண்ணப் போடுங்க. கிளீனருக்கு ரைட்டுகூடச் சரியாச் சொல்லத் தெரியலைன்னு பந்திக்குப் பந்தி சிரிக்கட்டும்." கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாமாவுக்கு ஒரு பாரம் இறங்க வேண்டும். அத்தைக்கு ஒரு பெயர் ஏற வேண்டும். இரண்டும் ஒரே மேடையில் நடக்காது. அரைமணி நேரம் கழித்து மாமா கொஞ்சம் இறங்கிவந்தார். மேடையில் சொல்லமாட்டார். அழகர்சாமியிடம் தனியாக, முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதன்பிறகு அவர் மேடையில் என்ன பேசுவார் என்பது அவர் பாடு. அத்தை தலையாட்டினார். மாமா குளிக்கப் போனதும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அழகர்சாமி சாரக் கூட்டியார இவரோட கோயமுத்தூருக்கு நீங்களும் போங்க மாப்பிள்ளை. இவரு அந்தப் பேச்ச எடுத்தா நீங்க இருமுங்க."

"இருமறதுங்களா அத்தை?"

"பலமா."

மாமியார் சொல்லைத் தட்டும் மருமகன் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

காரை ஓட்டியவன் ஜெர்சன், கேரள எல்லைக் கூடலூர்ப் பையன், பேச்சில் பாதி மலையாளம், மலைப்பாதையில் கை தேர்ந்தவன். கோயமுத்தூரில் அழகர்சாமியை ஏற்றிக்கொண்டோம். ஒல்லியாக, நெடுநெடுவென்று, காது கொஞ்சம் மந்தமாக இருந்தார். மடியில் முறுக்கு டின். அவரும் நானும் பின்னால், மாமா முன்னால்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் மாமா தொண்டையைச் செருமினார். "சார், அந்த ராத்திரி..." நான் இருமினேன். முதல் கொண்டை ஊசி வளைவு போயிற்று. "சார், உங்ககிட்ட ரொம்ப நாளா..." நான் இருமினேன். பர்லியாறு வருவதற்குள் நான் இருமிய இருமலில் எனக்கே நெஞ்சு வலித்தது. அழகர்சாமி பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "டாக்டரப் பாருங்க தம்பி, இது சாதாரண இருமல் மாதிரித் தெரியல" என்றார். மாமா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையில், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது.

குன்னூருக்கு மேலே மஞ்சு, அதாவது மலைப் பனிமூட்டம், இறங்கிவிட்டது. கார் விளக்கு போட்டால் வெள்ளைச் சுவர். அணைத்தால் சாம்பல் சுவர். முன்னால் ஒரு பஸ் பழுதாகி ரோட்டின் வலப்பக்கத்தை அடைத்து நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எதிரில் வண்டி வருகிறதா, ஓரத்தில் இடம் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஜெர்சன் வண்டியை நிறுத்தினான். மாமா ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். எழுபத்தேழு வயது உடம்பு திடீரென்று இளமையாகி நீண்டது.

"வா... லெஃப்ட் லெஃப்ட்... லெஃப்ட் லெஃப்ட்... ஸ்டெடி..."

ஜெர்சன் அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். பஸ்ஸின் பின்பக்கம் உரசாமல் கடந்தது. மஞ்சு ஒரு நிமிடம் விலகியது. முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. வலப்பக்கம் ஒரு எஸ்டேட் சாலை பிரிந்து தேயிலைக்குள் இறங்கியது.

"ரைட்!" என்றார் மாமா.

ஜெர்சன் கியரை மாற்றி நேராக விட்டான்.

கொஞ்ச தூரம் போனோம். பிறகு மாமா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, அங்க வலப்பக்கம் ஒரு ரோடு இருந்துச்சே. ரைட்னு சொன்னேன், நீ திருப்பலியே?"

"எந்தினு திருப்பறது சாரே?" ஜெர்சனுக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. "நீங்க ரைட்னு சொன்னீங்க, ஞான் போயி. ரைட்னா போலாம்னுதானே?"

மாமா திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். அழகர்சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க மஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

"ஒரு டீ குடிக்கலாம்டா" என்றார்.

டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் இருமுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"அந்தப் பய திருப்பல, பாத்தியா குமாரு."

"பாத்தேனுங்க சார்."

"கூடலூர்க்காரனுக்கே வெளங்குது. நான் மதுரைக்காரன்டா. டவுன் பஸ்ஸுப் படியில தொங்கிட்டுத்தான் காலேஜுக்குப் போனேன். நீ ரைட்னா எனக்கு அர்த்தம் தெரியாதா? நீ வலப்பக்கம்னு சொல்றப்ப ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவ. இது கண்டக்டர் ரைட்டு. கேட்டதுமே தெரியும்."

மாமாவின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. "அப்பறம் ஏனுங்க சார் திருப்புனீங்க?"

"முன்னாடி நெருப்பு மேல வந்துச்சு. நீ கீழ பாத்துட்டு இருந்த. நான் பாத்துட்டேன். என் சீட்டு என்னயத் தூக்கி வெளிய போட்டுரும். உனக்கு அது கிடையாது. அடி விழுந்தா நான் அந்தச் சீட்டோட வளையத்த இழுத்திருப்பேன்டா. உன்னய உள்ள விட்டுட்டுப் போயிருப்பேன். அந்த நிமிசம் எனக்கு என்னயப் பத்தித் தெரிஞ்சுபோச்சு. எனக்குப் பயமே அதுதான், குண்டு இல்ல. அந்த நேரம் பாத்து நீ ரைட்னு சொன்ன. இது போதும்னு திருப்பிட்டேன். பழி உன் மேல விழுந்துரக் கூடாதேன்னுதான் ஊரெல்லாம் உன்னயப் புகழ்ந்தேன். இன்னைக்கு மேடையில நெசத்தச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மாமா கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். டீ ஆடை கட்டிவிட்டது. பிறகு கேட்டார்.

"அப்ப அந்த முறுக்கு?"

"அபராதம்டா."

மாமாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழகர்சாமிக்கும். பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர். கடைக்காரர் என்னிடம், "பெரியவங்களுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார். முறுக்கு விஷயம் என்றேன்.

"சார், மேடையில வேண்டாமுங்க" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "லீலா புதுச்சேலை எடுத்திருக்கா." பிறகு டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து, டீயில் நனைத்து, இருக்கிற பல்லால் கடித்தார்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முத்துவேல், கைத்தடியோடு. மேடையில் அத்தை, சேலை மடிப்பு கலையாமல். இருமினேனா என்று என்னைப் பார்த்துப் புருவத்தால் கேட்டார். நிறைய என்று தலையாட்டினேன்.

அழகர்சாமி மைக்கைப் பிடித்தார். நீளமாகப் பேசவில்லை. "அன்னைக்கு இவன் ரைட்னு சொன்னான். நான் திருப்பினேன். அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கிறேன்." ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கைத்தட்டல் அடங்குவதற்குள் மாலையை எடுத்து மாமாவுக்குப் போட்டார். மாமா அதைக் கழற்றி அத்தையின் கழுத்தில் போட்டுவிட்டார். அத்தை கீழே முன்வரிசையைப் பார்த்தார், நேராக.

முத்துவேல் தடியை ஊன்றி எழுந்தார்.

"மாப்பிள்ளை, என்னய மன்னிக்கோணும். அம்பது வருசமா உங்களக் கிளீனர்னு தப்பாச் சொல்லிட்டேனுங்க."

அத்தையின் முகம் மலர்ந்தது.

"ரைட் சொல்றது கிளீனர் இல்லீங்களே. கண்டக்டருங்க!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. நான் பயந்துபோய் அத்தையைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. "பரவால்லீங்கண்ணா," என்றார் மைக்கிலேயே, "கண்டக்டர்னா கவர்மென்ட் உத்தியோகம்தானுங்களே." சொல்லிவிட்டு அந்த மாலையோடு, ஐம்பது வருடச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அழகர்சாமி கிளம்பினார். ஜெர்சன் வண்டியைக் கிளப்பி நின்றான். மாமா வாசலில் இறங்கிவந்து, காரின் பக்கத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்!"

பின்சீட்டு ஜன்னல் இறங்கியது. "நேராத்தானேடா?"

"நேராத்தானுங்க சார்."